இல்லாத கட்டடத்தின் முகப்பு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற அவசரத்தில் அரை நாளில் எல்லாக் கூடங்களையும் சுற்றி முடித்தோம். மறுநாள் வகுப்பில், “என்னென்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “திமிங்கல எலும்புக்கூடு, சார்!” என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. அமராவதிச் சிற்பங்களை ஒருவர்கூடச் சொல்லவில்லை. குறை மாணவர்களிடம் இல்லை. பார்ப்பதற்கு ஒரு கேள்விகூடக் கொடுக்காமல் அழைத்துப் போனவன் நான்தான்.

அடுத்த முறை ஒரே ஒரு கல்லைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். அந்த அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

ஏன் அந்தக் கல்?

ஆந்திர மாநிலத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் உள்ள அமராவதியில் ஒரு பெரிய பௌத்தத் தூபி இருந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது தாழ்வான வட்ட மேடுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிச் சமீன்தார் கட்டுமானக் கற்களுக்காக மேட்டைத் தோண்டச் செய்தார். செய்தி அறிந்து காலின் மெக்கன்சி அங்கு சென்றார். 1816இல் மீண்டும் போனபோது மேட்டின் நடுப்பகுதி தோண்டப்பட்டுக் குளமாகியிருந்தது. எஞ்சியவற்றை அளந்து வரையச் செய்தார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பல பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஒரே கட்டடத்தின் கற்கள் இன்று எழும்பூரிலும் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன.

தூபியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பதித்திருந்த சுண்ணாம்புக் கற்பலகைகள் சிலவற்றில் அந்தத் தூபியின் உருவத்தையே சிற்பிகள் செதுக்கியிருந்தார்கள். கட்டடம் போய்விட்டது; அதன் முகப்பு கல்லில் இருக்கிறது. பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

செயல்பாடு 1: கீழிருந்து மேலாகப் பார்த்தல்

மாணவர்களைக் கல்லின் முன் அமரவைத்தேன். பத்து நிமிடம் பேச்சில்லை, விளக்கமில்லை. பிறகு கீழிருந்து மேலாக, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லச் சொன்னேன். சுற்றுவேலி, வாயிலில் சிங்கங்கள், வாயிலுக்கு மேலே வரிசையாக ஐந்து தூண்கள், சிற்பம் நிறைந்த அரைக்கோளம், உச்சியில் குடைகள், இருபுறமும் பறக்கும் தேவர்கள். எல்லாம் அவர்களே கண்டவை. பெயர்களை மட்டும் நான் தந்தேன். அந்த ஐந்தும் ஆயகத் தூண்கள். நான்கு திசைகளிலும் இவ்வாறு ஐந்தைந்து நின்றன.

செயல்பாடு 2: மைதானத்தில் தூபி

தூபியின் விட்டம் ஏறத்தாழ 50 மீட்டர். பள்ளிக்குத் திரும்பியதும் 25 மீட்டர் கயிற்றை எடுத்து, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட முயன்றோம். எங்கள் மைதானத்தில் பாதி வட்டம்தான் அடங்கியது. மீதிப் பாதி சாலையைத் தாண்டிப் போயிருக்கும். சுற்றளவு 157 மீட்டர் என்று கணக்கிட்ட பிறகுதான், கையகல உருவமாகப் பார்த்தது எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குப் புரிந்தது.

செயல்பாடு 3: சிற்பியை நம்பலாமா?

“தேவர்கள் பறப்பதைச் சிற்பி பார்த்திருப்பாரா, சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான் காத்திருந்த கேள்வி அது. அப்படியானால் சிங்கங்களையும் தூண்களையும் மட்டும் எப்படி நம்புவது? விடையை அவர்களே தேடினார்கள். வெவ்வேறு பலகைகளில் அதே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சிங்கச் சிற்பங்களும் ஆயகத் தூண்களும் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கின்றன. ஒரு சான்றை இன்னொரு சான்று தாங்க வேண்டும் என்பதை நான் கரும்பலகையில் எழுதிப்போடத் தேவையிருக்கவில்லை.

செயல்பாடு 4: நம் பள்ளியின் முகப்பு

அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் இடிக்கப்பட இருந்தது. அதன் முகப்பை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். தினமும் கடந்து போகும் வராந்தாவுக்குச் சிலர் ஐந்து தூண் போட்டார்கள், சிலர் எட்டு. வெளியே போய் எண்ணினோம்; ஆறு.

எப்போதும் பின்வரிசையில் அமரும் ஒரு மாணவன் வராந்தாவில் மணி ஒன்றை வரைந்திருந்தான். அங்கே மணி இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். “நான் மூணாவது படிக்கும்போது இருந்துச்சு, சார்” என்றான். எனக்கு நினைவில்லை, நான் அப்போது இந்தப் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. எல்லோரும் போய் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தோம். ஒட்டடைக்குள் துருப்பிடித்த இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அளவுநாடாவுடன் கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். படங்களில் தேதியும் அளவும் எழுதினார்கள்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழும்பூருக்குப் போக இயலாதவர்கள் தூபிப் பலகையின் தெளிவான படம் ஒன்றைக் கொண்டே முதல் மூன்று செயல்பாடுகளையும் நடத்தலாம். ஆனால் உங்கள் ஊரில் பழைய பள்ளியோ சத்திரமோ இடிபடப் போகிறது என்றால் நான்காவதைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு மட்டும் மறுதேர்வு கிடையாது.

கோடை விடுமுறையில் கட்டடம் இடிக்கப்பட்டது. மேஸ்திரியிடம் கேட்டுக் கொக்கியை வாங்கி வைத்தோம். அறிவியல் அறை அலமாரியில் மாணவர்களின் படங்களோடு இருக்கிறது. கீழே உள்ள அட்டையை எழுதியவன் அந்த மாணவன்தான்: “மணி தொங்கிய கொக்கி. பழைய கட்டடம், வராந்தா, மூன்றாம் தூணுக்கும் நான்காம் தூணுக்கும் இடையில்.”