தைக்கு முன்னால் அடிபட்டால்

கொல்லிமலையில் கபடி என்றால் தை மாதம்தான். பொங்கல் கழிந்ததும் ஊருக்கு ஊர் போட்டி. அதற்கு முந்தைய இரண்டு மாதம் பயிற்சிக் காலம். காப்பிப் பழம் பறிக்கிற காலமும் அதுவே. அது முடியும் முன்பே மிளகும் வந்து நிற்கும். பகலெல்லாம் தோட்டத்தில் ஏணி ஏறி இறங்கிய உடம்பு, மாலையில் களத்துக்கு வருகிறது. முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒருவர் இருவர் நொண்டிக்கொண்டு நிற்பது வருஷா வருஷம் நடப்பதுதான்.

புதிதாகக் குழுப் பொறுப்பு எடுக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஐயா, முக்கியமான ஆளே படுத்துட்டான், இப்ப என்ன பண்றது?" என் பதில் எப்போதும் ஒன்றே. போனவனைப் போலவே இன்னொருவனைத் தேடாதே. அவன் செய்த வேலையைப் பிரித்துக் கொடு. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அடியைப் பார், பட்டியலை அப்புறம் பார்.

பையன் தரையில் கிடக்கும்போதே "யாரை இறக்கலாம்" என்ற பேச்சு அவன் காதில் விழுந்தால், வலியை விழுங்கிக்கொண்டு எழுந்து நிற்பான். அது பெரிய ஆபத்து. முழங்காலில் 'டப்'பென்று சத்தம் கேட்டதா, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டதா, ஊன்றினால் கால் நழுவுகிறதா என்று கேள். ஆமாம் என்றால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவி விடாதே. உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வை. அளவாக இறுக்கிக் கட்டு. காலை உயர்த்திப் படுக்க வை. தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்போ வாந்தியோ வந்தால் அன்று அவனுக்கு ஆட்டம் இல்லை, மருத்துவமனைதான். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போக வேண்டுமே என்று விடியும்வரை தள்ளிப் போடாதே.

2. தேதி கேட்டு வாங்கு.

"சீக்கிரம் சரியாயிடும்" என்பது ஆறுதல். அதை வைத்து அணி எடுக்க முடியாது. 2022 ஐ.பி.எல்.லை எடுத்துக்கொள். பிப்ரவரி நடுவில் நடந்த ஏலத்தில் தீபக் சாஹரை 14 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். அடுத்த வாரமே, பிப்ரவரி 20ஆம் தேதி, கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பந்து வீசும்போது அவருக்குத் தொடைத் தசை கிழிந்தது. பாதித் தொடரிலாவது வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தது. தேறிவந்த காலத்தில் முதுகிலும் பிரச்சினை வந்து, ஏப்ரல் நடுவில்தான் 'இந்த சீசன் இல்லை' என்பது உறுதியானது. அதற்குள் முதல் நான்கு ஆட்டமும் போயிருந்தது. 14இல் 4 மட்டும் வென்று, சென்னை ஒன்பதாம் இடத்தில் முடித்தது. அவர் ஒருவர் இல்லாததுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுப் பந்தில் விக்கெட் எடுக்கிற இடம் வெகுநாள் காலியாகவே கிடந்தது.

அமெரிக்க பேஸ்பால்காரர்கள் இதில் கறார். பிப்ரவரி, மார்ச்சில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் அவர்களுக்குப் பயிற்சி முகாம். அங்கே அடிபடுகிறவனைக் காயப் பட்டியலில் எழுதுவார்கள்: மட்டையடிப்பவர்களுக்கு 10 நாள், பந்து எறிபவர்களுக்கு 15 நாள், பெரிய காயமென்றால் 60 நாள். 60 நாள் பட்டியலில் போனால், அணி வைத்துக்கொள்ளும் 40 பேர் கணக்கிலிருந்து அந்த இடம் விடுபடும்; புது ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். நீயும் உன் நோட்டில் மூன்று பத்தி போடு: முதல் ஆட்டத்துக்கு வருவான், பாதியில் வருவான், இந்த வருஷம் வரமாட்டான். யார் எந்தப் பத்தி என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவனும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது.

3. ஒத்த ஆளைத் தேடி அலையாதே.

நம் மலையிலிருந்து பார்த்தால் அடுத்த மாவட்டம் சேலம். அங்கே சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்திய அணியில் அவர் பெயர் முதலில் இல்லை. கூடுதல் பந்து வீச்சாளர்கள் நால்வரில் ஒருவராகத்தான் சேர்த்திருந்தார்கள். டி20 அணியில் இருந்தவர் வருண் சக்ரவர்த்தி. புறப்படும் முன்பே அவர் தோளில் காயம். வருண் சுழற்பந்து போடுபவர்; அந்த இடத்துக்கு வந்த நடராஜனோ இடக்கை வேகப்பந்து. சுழலுக்குச் சுழல்தான் வேண்டும் என்று தேர்வாளர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் அவர் அந்த அணிக்குள் வந்திருக்கவே முடியாது. கடைசி ஓவர்களில் யார்க்கர் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. அது அவரிடம் இருந்தது. உனக்கும் அதே கேள்விதான்: போன ஆள் யார் என்பதை விடு, உன் குழுவுக்கு இப்போது என்ன தேவை?

4. போனவன் செய்த வேலையைப் பிரித்து எழுது.

இந்த அறிவுரைகளில் முக்கியமானது இது. 2022 புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அணியின் கேப்டனும் அவரே. அக்டோபர் 8, பெங்களூருவில் அந்த சீசனில் தலைவாஸின் முதல் ஆட்டம், எதிரே குஜராத். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே முழங்காலில் அடிபட்டு வெளியே போனவர், அந்த சீசன் முழுக்கத் திரும்பவில்லை. பட்டியலே அவரைச் சுற்றிப் போட்டது. எல்லாரும் தலைவாஸ் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் பாடிப் போகும் வேலையை நரேந்தர் என்ற புதுப் பையன் எடுத்துக்கொண்டான். அதுதான் அவனுக்கு முதல் சீசன், அதில் 200க்கு மேல் ரெய்டு புள்ளி. அஜிங்க்யா பவார் பக்கத்திலிருந்து தோள் கொடுத்தார். தலைமையும் பிடியும் சாகர் கையில். அதுவரை பிளே ஆஃப் பக்கமே போகாத அணி அந்த வருஷம் அரையிறுதி வரை போனது. பவனுக்கு நிகரான ஒருவர் கிடைத்ததால் நடந்ததல்ல இது. அவர் வேலை மூன்று நான்கு பேருக்குப் போனதால் நடந்தது.

நீயும் ஒரு தாளை எடு. உன் முதல் ரெய்டர் அடிபட்டுவிட்டானா? அவன் செய்ததையெல்லாம் எழுது. முதல் ரெய்டு போவான். டூ ஆர் டை வந்தால் அவன்தான். போனஸ் கோட்டில் கால் வைத்து எடுப்பான். ஆட்டம் முடியும் தறுவாயில் முன்னிலை இருந்தால் தொடாமல் பாடி நேரத்தைக் கடத்துவான். பிடிக்க நிற்கும்போது இடது இன். அதோடு, "கையைப் பிடி, விடாதே" என்று கத்துவதும் அவனே. ஆறு வேலை. எந்த ஒருவனாலும் ஆறையும் செய்ய முடியாது. ஆனால் கால் நீளமான பையனுக்குப் போனஸ் வரும். மூச்சு நிற்கிறவனுக்கு நேரம் கடத்த வரும். பயப்படாதவனுக்கு டூ ஆர் டை. கத்துவதற்கு ஒருவனை நீயே நியமி. பாதிக் குழுக்களில் அந்தக் குரல் இல்லாமல்தான் பிடி நழுவுகிறது.

5. அசைக்கிற இடங்கள் குறைவாக இருக்கட்டும்.

இடது கார்னர் போய்விட்டான் என்று கவரைக் கார்னருக்குத் தள்ளி, இன்னைக் கவருக்குத் தள்ளினால், காயம் ஒரு இடத்தில், பலவீனம் மூன்று இடத்தில். கார்னரும் பக்கத்தில் நிற்பவனும் கைகோத்துப் பழகிய ஜோடி. ஒருவன் கணுக்காலுக்குப் போனால் மற்றவன் இடுப்புக்குப் போவான் என்பது பேச்சில்லாமல் நடக்கும். அந்த ஜோடியை உடைக்காமல், புதியவனை நேராகக் காலி இடத்திலேயே நிறுத்திப் பார். கொஞ்சம் பலவீனமானவனாக இருந்தாலும் மற்ற ஆறு பேர் தங்கள் இடத்தில் இருப்பது பெரிய பலம்.

6. பெஞ்சில் இருப்பவனை இன்றே ஆட விடு.

களத்தில் 7 பேர், வெளியே 5 பேர், ஆக 12. நம் ஊர்க் குழுக்களில் அந்த ஐவர் தண்ணீர் பாட்டில் தூக்குவதோடு சரி. பயிற்சியில் எதிரணியாக நின்று அடி வாங்குவதும் அவர்களே. அப்படியானவனைத் திடீரென்று இறக்கினால் கை நடுங்கத்தான் செய்யும்.

நடராஜன் கதையின் மிச்சத்தைக் கேள். அந்தத் தொடரில் ஷமிக்குக் கை முறிவு, உமேஷுக்குக் கெண்டைக்கால், ஜடேஜாவுக்குக் கட்டை விரல், விஹாரிக்குத் தொடை, அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிற்றுத் தசை. நான்கு டெஸ்டுக்கு இந்தியா 20 பேரை இறக்கியது. 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேன் களத்தில் நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் முதல் டெஸ்ட். வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் இருவரையும் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன் வேறு, ஷர்துல் தாக்கூரோடு ஏழாவது விக்கெட்டுக்கு 123. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத களத்தில் இந்தியா 3 விக்கெட்டில் வென்றது. அவர்கள் வலையில் சும்மா நிற்கவில்லை. உலகத் தரமான மட்டையாளர்களுக்கு அன்றாடம் பந்து போட்டார்கள். உன் ஐவரும் வாரத்தில் ஒரு நாளாவது முதல் எழுவரோடு கலந்து ஆடட்டும்.

7. காசு கொடுத்து வெளியூர் ஆளைக் கூட்டி வரும் முன் யோசி.

கீழேயிருந்து ஒரு நல்ல ரெய்டரை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டி வருவது சுலபம். கோப்பைகூடக் கிடைக்கலாம். ஆனால் இரண்டு மாதம் பனியில் நின்று பழகிய எட்டாமவன், ஒன்பதாமவன் மனசு அன்றோடு விட்டுப்போகும். அடுத்த வருஷம் களத்துக்கு வரமாட்டான். ஐ.பி.எல்.லில்கூட, காயம்பட்டவருக்குப் பதில் எடுக்கிற ஆளுக்கு அவருடைய சம்பளத்தைவிட அதிகம் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். வெளியாளை எடுத்தே ஆக வேண்டுமென்றால், பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, எத்தனை ஆட்டம், எவ்வளவு காசு என்று முன்னாலேயே சொல்லிவிடு.

8. அவசரப்பட்டுத் திரும்ப இறக்காதே.

2022 ஆகஸ்டில் முதுகு வலியால் ஆசியக் கோப்பையை விட்ட பும்ரா, செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் திரும்பி இரண்டு ஆட்டம் ஆடினார். மறுபடி முதுகு. உலகக் கோப்பையும் போயிற்று. 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராகத்தான் மீண்டும் பந்து எடுத்தார். முற்றாத மிளகைப் பறித்துக் காயப் போட்டால் எடை நிற்காது. பாதி தேறிய காலும் அப்படித்தான். வலியில்லாமல் நேராக ஓடுகிறானா, ஓட்டத்திலேயே சட்டென்று திரும்புகிறானா, அடிபட்ட ஒற்றைக் காலில் குதித்து நிலையாக நிற்கிறானா, நாலு பேர் பிடியிலிருந்து திமிறப் பயமில்லாமல் போகிறானா, இந்த வரிசையில் பார். நாலாவதில் தயங்கினால் அவன் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள். முழங்கால் ஜவ்வுக்கு அறுவை செய்தவன் என்றால் ஒன்பது மாதமாவது ஆகும். வருகிற தையை மறந்துவிட்டு அடுத்த தைக்குத் தயார் செய்.

9. படுத்தவனைக் களத்தோரம் உட்கார வை.

வீட்டில் தனியாகக் கிடந்தால் மனசு கெடும். வரச் சொல்லு, எதிரணி ரெய்டர் எந்தக் காலை முன்னால் வைக்கிறான் என்று பார்த்துச் சொல்லச் சொல்லு. அவன் இடத்தில் ஆடுபவனுக்கு அவனைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டான். தோட்டத்து ஏணியிலிருந்து விழுந்தவன் என்றால் கூலியும் போயிருக்கும். பரிசுப் பணத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு.

10. இடம் யாருக்கும் பட்டா இல்லை, இதை முதல் நாளே சொல்.

2024இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் முதன்மைப் பந்து எறிபவர் கெரிட் கோலுக்கு முகாமிலேயே முழங்கை வலி. அவர் இடத்தில் லூயிஸ் கில் என்ற இளைஞர் நுழைந்தார். ஜூனில் கோல் திரும்பிய பிறகும் கில் வரிசையில் இருந்தார். அந்த வருஷத்துச் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. நம் பக்கம் பவன் அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார், நரேந்தர் தலைவாஸிலேயே இருந்தான். திரும்பி வருபவனுக்குப் போட்டியிட வாய்ப்பு உண்டு, ஆனால் இடம் தானாகக் கிடைக்காது. உள்ளே வந்தவனும் அதை வேலை செய்தே காப்பாற்ற வேண்டும். இந்த விதியை எல்லார் முன்னாலும், யாரும் அடிபடுவதற்கு முன்பே சொல். அடிபட்ட பிறகு சொன்னால் பாரபட்சமாகத் தெரியும்.

11. ஆடியிலேயே ஆரம்பி.

ஐப்பசியில் குழு கூட்டி, மார்கழிப் பனியில் உடம்பு சூடாகும் முன்பே பிடிக்க விட்டால், தசை கிழியாமல் என்ன செய்யும்? செம்மேட்டில் வல்வில் ஓரி விழா முடிந்த மறுவாரமே பன்னிரண்டு பேரையும் கூட்டு. தை வர ஐந்து மாதம் இருக்கிறது. ஒவ்வொருவனும் தன் இடத்தோடு இன்னொரு இடத்தையும் பழகட்டும். காப்பிப் பறிப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பயிற்சியைப் பாதியாக்கு. ஏணி ஏறி வந்தவனுக்கு அன்று பிடி வேண்டாம், ஓட்டமும் மூச்சும் போதும். இதைச் செய்த குழுவிலும் ஆள் அடிபடுவான். ஆனால் "இப்ப என்ன பண்றது?" என்று நீ என்னைத் தேடி வர வேண்டியிருக்காது.