பாம்பன் இருப்புப்பாதைப் பாலம்: ஒரு வரலாற்று நோக்கு

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தையும் பாம்பன் தீவையும் கடல் பிரிக்கின்றது. அக்கடலின்மீது 1914 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள் திறக்கப்பெற்ற பாலம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்வண்டிகளைச் சுமந்து நின்றது. அதன் தோற்றம், அமைப்பு, மீட்சி ஆகியவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தோற்றம்

தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையே வணிகரும் தொழிலாளரும் இடையறாது சென்று வந்தனர். இலங்கை வரை கடலின்மேல் இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் முதலில் எழுந்தது. பெருஞ்செலவு கருதி அது கைவிடப்பட்டது. மாறாக, தனுஷ்கோடி வரை தொடர்வண்டி, அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், பின்னர்க் கொழும்பு வரை மீண்டும் தொடர்வண்டி என்னும் ஏற்பாடு உருவாயிற்று. மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றனர். இவ்வழிக்கு இன்றியமையாத கண்ணியே பாம்பன் பாலம்.

அமைப்பு

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் 140-க்கும் மேற்பட்ட தூண்களும் உடையது இப்பாலம். பாம்பன் கால்வாய் அடைபடின் கலங்கள் இலங்கையைச் சுற்றியே செல்ல நேரும். ஆதலின் கால்வாய்க்கு மேலுள்ள பகுதி, 'ஷெர்சர்' முறையில் இரு சிறகுகளாகப் பிரிந்து உயருமாறு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு சிறகின் அடியும் சக்கரத்தின் ஒரு பகுதி போல் வளைந்திருக்கும். அது பின்னோக்கி உருள, முன்பகுதி மேலெழும். பின்னே பொருத்தப்பட்ட எடை முன்பாரத்தைச் சமன் செய்யும். நம் உழவரின் ஏற்றமும் துலாவும் இயங்கும் நெறி இதுவே. எனவேதான் தொழிலாளர் சிலர் நெம்புகோல்களைப் பற்றிச் சுற்றியே அப்பெரும் பாரத்தை உயர்த்த முடிந்தது.

மீட்சி

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் சென்ற தொடர்வண்டி பாலத்திலிருந்து வீழ்ந்ததாகப் பலர் கருதுவர். உண்மையில் அது தனுஷ்கோடியை நெருங்கியபோதே அலைக்கு இரையாயிற்று. பாலத்தின் உத்தரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. தூக்குப்பகுதி மட்டும் நிலைத்து நின்றது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் கிடந்த உத்தரங்களும் மீட்டெடுக்கப்பட்டுப் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது.

நம் கடமை

உப்புக்காற்றின் அரிப்பால் தளர்ந்த பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர்ப் பகுதியுடைய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய இரும்பைக் காப்பதா, அகற்றுவதா என்பது பொறியியலார் ஆராய வேண்டியது. ஆனால் நெம்புகோல் சுற்றியோர், கலம் செலுத்தியோர், உத்தரங்களைத் தேடி மீட்டோர் ஆகியோரின் நினைவுகளும் தொழிற்சொற்களும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. பாம்பன், மண்டபம் பகுதிகளிலுள்ள முதியோரைக் கண்டு அவற்றைத் தொகுத்தல் தமிழ் பயிலும் மாணவர்க்குரிய பணியாகும். அம்முதியோர் நம்மிடையே வாழும்போதே அதனைத் தொடங்குவோமாக.