செஸ்னாவிலிருந்து ஏடிஆருக்கு மாறுகிறீர்களா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 விமானத்தை ஏற்றி இறக்கப் பழகிவிட்டீர்களா? அடுத்து ஏடிஆர் 72-600 விமானத்தை முயன்று பார்க்கலாம். சென்னையிலிருந்து சிறு நகரங்களுக்கு இண்டிகோ இயக்கும் இரட்டை டர்போபிராப் விமானம் இதுதான். சிமுலேட்டருக்கான இதன் பதிப்பு 2023-ல் வெளியானது.

செஸ்னாவில் ஒரே இன்ஜின், 180 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஏடிஆரில் ஒவ்வொரு இன்ஜினும் 2,750 குதிரைசக்தி வரை தரும். எடை 23 டன் வரை போகும். எனவே பழைய பழக்கங்களில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. லீவர்கள்

நடுவில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் இரண்டு லீவர்கள் இருக்கும். பவர் லீவர் சக்தியைக் கூட்டிக் குறைக்கும். கண்டிஷன் லீவர் எரிபொருளைத் திறக்கவும் மூடவும், புரொப்பல்லரை 'ஃபெதர்' செய்யவும் உதவும். ஃபெதர் என்றால் இறக்கைத் தகடுகளைக் காற்றின் போக்கிலேயே திருப்பி, எதிர்ப்பைக் குறைப்பது. உங்களிடம் ஜாய்ஸ்டிக் இருந்தால், பறக்கும் முன் பவர் லீவரின் 'ஃப்ளைட் ஐடில்' நிலையைச் சரியாக கேலிபரேட் செய்துவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள பகுதி தரையில் மட்டுமே பயன்படுத்த வேண்டியது.

2. டேக்ஆஃப்

பவர் லீவரை 'நாட்ச்' எனப்படும் குறி வரை தள்ளினால் போதும். டார்க் 90 சதவீதம் அளவில் நிற்கும். மீதி சக்தி, ஒரு இன்ஜின் நின்றால் மற்றது எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் சேமிப்பு. மேலே ஏறியதும் பவர் மேனேஜ்மென்ட் குமிழை 'கிளைம்ப்' நிலைக்குத் திருப்புங்கள். புரொப்பல்லர் வேகம் 100-லிருந்து 82 சதவீதமாகக் குறையும். லீவரைத் தொட வேண்டியதில்லை.

3. ரடர்

சக்தியை மாற்றும் ஒவ்வொரு முறையும் விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். ஆட்டோபைலட் போட்டிருந்தாலும், பந்து நடுவில் இருக்கிறதா என்று பார்த்து ரடர் டிரிம்மைச் சரிசெய்யுங்கள்.

4. பனி

ஆன்டி-ஐஸ் போட்டால் ஸ்டால் எச்சரிக்கை வழக்கத்தைவிட முன்னதாகவே ஒலிக்கும்படி மாறிவிடும். பனி படிந்த இறக்கை சீக்கிரமே தூக்கும் திறனை இழப்பதுதான் காரணம். ஆகவே பனியில் குறைந்தபட்ச வேகமும் கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள்.

5. இறக்கம்

உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். 15,000 அடி என்றால் 45 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். ஓடுபாதை நெருங்கும்போது செஸ்னா போலச் சீக்கிரமே சக்தியைக் குறைத்துவிடாதீர்கள். லீவரைப் பின்னால் இழுத்ததும் இரண்டு பெரிய புரொப்பல்லர்களும் பிரேக் போல வேலை செய்யும். விமானம் தொப்பென்று விழும். சுமார் 20 அடி உயரத்தில் ஐடிலுக்குக் கொண்டு வந்து, மூக்கைச் சிறிதளவே தூக்குங்கள். சக்கரம் தரையைத் தொட்டபின் இரண்டு 'லோ பிட்ச்' விளக்குகளும் எரிவதைப் பார்த்துவிட்டே ரிவர்ஸ் போடுங்கள்.

6. ஒரு இன்ஜின் நின்றால்

முக்கியமான பாடம் இதுதான். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 ஒன்று கிளம்பிய சற்று நேரத்தில் அதன் வலது புரொப்பல்லர் தானாகவே ஃபெதர் ஆகிவிட்டது. இடது இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவசரத்தில் விமானி அந்த நல்ல இன்ஜினின் சக்தியைக் குறைத்து, பிறகு அதை நிறுத்தியே விட்டார். தவறு தெரிந்து மீண்டும் இயக்குவதற்குள் உயரம் போய்விட்டது. 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

கவனியுங்கள்: ஒரு இன்ஜின் நின்றாலும் ஏறிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்ட விமானம் இது. செயலிழந்த புரொப்பல்லரைத் தானே ஃபெதர் செய்து, மற்ற இன்ஜினின் சக்தியைத் தானே கூட்டும். விமானி முதலில் செய்ய வேண்டியது நேராகப் பறப்பதும், வேகத்தைக் காப்பதும்தான்.

கம்ப்யூட்டரில் ஃபைலை அழிக்கும் முன் 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கிறது அல்லவா? விமானத்தில் அந்தக் கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். இரு இன்ஜின்களின் டார்க் அளவையும் பாருங்கள். எது குறைந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியான லீவரில் கை வைத்து, மீண்டும் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். அதன் பிறகே அசையுங்கள்.

இதைப் பழக, 5,000 அடியில் நேராகப் பறந்துகொண்டு ஃப்ளைட்டை சேவ் செய்யுங்கள். பிறகு உங்கள் வீட்டில் யாரையாவது ஒரு இன்ஜினின் எரிபொருளை மூடச் சொல்லுங்கள். எது என்று அவர் சொல்லக் கூடாது. பத்து முறை செய்து பாருங்கள். எவ்வளவு வேகமாகச் செய்தீர்கள் என்பதைவிட, பத்திலும் சரியான லீவரைத் தொட்டீர்களா என்பதே மதிப்பெண். ஒன்பது என்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.