புதிய கைப்பேசி – ஒரு வீட்டுச் சோதனை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் உலகின் முதல் கைப்பேசி அழைப்பை விடுத்தார். அவர் கையில் இருந்த கருவியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு முதல் அழைப்பு சென்றது. 2021 நவம்பர் 4, தீபாவளி நாளன்று, தொடுதிரைக் கைப்பேசியை முதன்முதலாக வாங்குவோரை எண்ணி 'ஜியோபோன் நெக்ஸ்ட்' 6,499 ரூபாய் விலையில் வெளிவந்தது. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. எழுத்தறியாதவர் கைக்கும் இக்கருவி செல்ல வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வளர்ந்து வந்துள்ளது. அவ்வெண்ணம் எங்கள் வீட்டில் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றார். அவருடைய சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். 2025 தீபாவளிக்கு வந்தபோது, அப்போதுதான் கடைக்கு வந்திருந்த புதிய கைப்பேசி ஒன்றை வாங்கி வந்தார். விலை பத்தாயிரத்துக்குச் சற்று மேல். நிறுவனத்தின் பெயரை நான் கூறவில்லை. கூறினால் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

"இது உனக்கில்ல தம்பி, வீட்டுக்கு. நீ இல்லாதப்பவும் அம்மா என்கூடப் பேசணும்" என்றார் அக்கா. அச்சொல்லையே சோதனையின் அளவுகோலாக வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆராய்ந்தேன்.

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

முதலில் மின்கலம். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் எனக் கொண்டால், அதில் அடங்கும் ஆற்றல் 19.25 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. சார்ஜரில் வீணாகும் வெப்பத்தைக் கழித்தாலும், ஒரு யூனிட்டில் நாற்பது முறை இதனை நிரப்பலாம். "கரண்டு பில்லு ஏறிடாதா?" என்று கேட்ட அம்மாவுக்கு இக்கணக்கு ஆறுதல் அளித்தது.

அடுத்து, கேமராவுக்கு 50 மெகாபிக்சல் என்றிருந்தது. ஆனால் வழக்கமாக எடுக்கும் படத்தில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகவே அது தருகிறது. மங்கிய ஒளியில் படம் தெளிவாக வர இது உதவும். 64 ஜிகாபைட் நினைவகத்தை 1,024இன் மடங்குகளால் கணக்கிட்டால் 59.6 என்றே வரும்; அதிலும் ஒரு பகுதியைக் கருவியின் இயக்க முறையே எடுத்துக்கொள்கிறது. இவ்வெண்கள் எவையும் பொய்யல்ல. ஆனால் அக்கா கேட்டதற்கு இவற்றில் விடை இல்லை.

விரலும் திரையும்

அது ஐப்பசி மாதம்; தாளடி நடவுக் காலம். நடவு முடித்து வந்த அம்மாவின் கட்டைவிரலைக் கைரேகைப் பூட்டில் பதிவு செய்தேன். பிறகு பத்து முறை வைத்துப் பார்த்ததில் மூன்று முறையே திறந்தது. என் விரலுக்கு ஒன்பது முறை திறந்தது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ரேகையின் மேடு உணரியைத் தொடுகிறது. பள்ளம் சற்று விலகி நிற்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள மின்தேக்குத் திறன் வேறுபாட்டைக் கொண்டே கருவி ரேகையை அறிகிறது. சேற்றிலும் நாற்றிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த விரலில் மேடு பள்ளம் குறைவு. ஆகவே அது வேறுபாட்டைக் காண்பதில்லை. ஈரக்கையால் தொடும்போது திரை தடுமாறுவதும், நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால்தான்.

எண் பூட்டு அம்மாவுக்கு நினைவில் நிற்கவில்லை. பின்னர், ஒன்பது புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் பூட்டைக் காட்டினேன். "இது புள்ளிக் கோலந்தானே!" என்று கூறி, தாமே ஒரு வடிவம் போட்டார். அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை. நான்கு இலக்க எண்ணில் 10,000 பூட்டுகளே அமையும். இப்புள்ளிப் பூட்டிலோ 3,89,112 வடிவங்கள் அமையும். ஆயினும் எளிய வடிவத்தைப் பிறர் ஊகித்துவிடக் கூடும் என்பதை மறக்கலாகாது.

கண்ணும் காதும்

ரயில்வே கேட்டில் பேருந்து நின்ற ஒரு நண்பகலில் இறங்கி வெயிலில் திரையைப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது, ஆனால் பேருந்துக்குள் தெரிந்ததில் பாதித் தெளிவுகூட இல்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்கிய பின்னரே அப்பாவால் வயலில் பார்க்க முடிந்தது.

பேசினால் எழுதும் வசதியையும் சோதித்தேன். நான் பாடநூல் தமிழில் சொன்னவற்றைப் பெரும்பாலும் சரியாக எழுதியது. அப்பா "வாமடையை அடைச்சிட்டேன்" என்றதும் "வாடையை" என்று எழுதிற்று. டெல்டா உழவனின் பேச்சு அதற்கு இன்னும் பழகவில்லை.

மிக முக்கியமான சோதனை பூச்சி மருந்துப் புட்டியில் நடந்தது. கேமராவைக் காட்டினால் ஆங்கில எழுத்தைத் தமிழாக்கி உரக்கப் படிக்கும் செயலி ஒன்று அதில் உண்டு. லிட்டருக்கு 25 மில்லி என்று அது படித்தது. அப்பா உடனே கையை உயர்த்தினார். "அவ்வளவு ஊத்துனா பயிரு கருகிடும் தம்பி, நல்லாப் பாரு" என்றார். பெட்டியில் இருந்த துண்டுத்தாளைப் பார்த்தேன்: 2.5 மில்லி. மங்கிய அச்சில் இருந்த புள்ளியைக் கருவி விழுங்கிவிட்டது! மறுநாள் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். அன்று பயிரைக் காத்தது என் படிப்பன்று, அப்பாவின் அனுபவமே.

அதே புட்டியில், எழுத்தறியாதவரும் அறியத்தக்க அடையாளம் ஒன்றும் உண்டு. முக்கோணத்தின் நிறம் சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை குறைந்துகொண்டே வரும். கைப்பேசி செய்வோர் இதனைப் பார்த்துக் கற்கலாம்.

ஓர் எச்சரிக்கை

இரண்டாம் வாரத்தில் ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, குறுஞ்செய்தியில் வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டிருக்கிறான். "எம்புள்ள காலேஜ் போயிருக்கான், வந்து சொல்லுவான்" என்று கூறி அம்மா வைத்துவிட்டார். என்னைச் சார்ந்திருந்ததே அன்று அவரைக் காப்பாற்றியது. ஆனால் எந்நாளும் அப்படி நிகழும் எனச் சொல்ல இயலாது. அந்த எண்ணை நான் கேட்டாலும் போனில் சொல்லக் கூடாது என்று அன்றிரவே இருவருக்கும் கற்பித்தேன். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் சொல்லி வைத்தல் நலம்.

முடிவுரை

மூன்று வார முடிவில் அம்மா பூட்டைத் தாமே திறக்கிறார். படத்தைத் தொட்டு அக்காவை அழைக்கிறார். அப்பா தம் குரலையே பதிந்து அனுப்புகிறார். ஆங்கிலக் குறுஞ்செய்திக்கும் பணம் அனுப்புவதற்கும் இன்னும் நான் வேண்டியிருக்கிறது. ஆகவே, கருவி பாதி வென்றது எனலாம்.

நண்பர்களே, வீட்டுக்குக் கைப்பேசி வாங்குமுன் பெட்டியின் எண்களோடு நின்றுவிடாதீர்கள். கடைக்கு அம்மாவை அழைத்துச் சென்று, அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வாங்கிய பின் மாலையில் அரைமணி நேரம் அவர் அருகில் அமருங்கள். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நாம் திருப்பிக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் இது.

சென்ற வாரம் நான் ஆய்வகத்தில் இருந்த நேரத்தில், அம்மா அக்காவை அழைத்து நட்ட வயலைக் காட்டியிருக்கிறார். அச்செய்தியை எனக்குச் சொன்னவர் அக்காதான்.