தமஸ்குவின் பெரிய பள்ளிவாசல்

அன்புள்ள ஸ்டெல்லா,

கிறிஸ்தவர்கள் குழுவாகப் பள்ளிவாசலுக்குள் போவது தகுமா என்று கேட்டிருந்தாய். தகும். ஆனால் அந்த இடத்தின் கதை தெரிந்து போக வேண்டும். தமஸ்குவை எடுத்துக்கொள்.

2001-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித பவுலின் வழித்தடம் பற்றிக் கிரேக்கம், சிரியா, மால்டா என்று யாத்திரை போனார். பவுல் இன்னும் சவுலாக இருந்தபோது பார்வையிழந்து வந்து சேர்ந்த ஊர் தமஸ்கு. அனனியா அவரைத் தேடிப் போன நேர்த்தெரு பழைய நகரத்தில் இன்றும் இருக்கிறது. மே 6 அன்று திருத்தந்தை, எண்பது வயதில், தள்ளாத உடம்போடு, காலணியைக் கழற்றிவிட்டு உமையா பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். அதற்குமுன் எந்தத் திருத்தந்தையும் பள்ளிவாசலுக்குள் சென்றதில்லை.

உள்ளே தொழுகைக் கூடத்தில் ஒரு சமாதி உண்டு. திருமுழுக்கு யோவானின் தலை அங்கிருப்பதாக நம்பிக்கை; முஸ்லிம்களுக்கு அவர் யஹ்யா நபி. வேறு ஊர்களும் அந்தத் தலைக்கு உரிமை கொண்டாடுகின்றன, அந்த வழக்கு நமக்கு வேண்டாம். திருத்தந்தை அங்கே மௌனமாக ஜெபித்தார்.

அந்த இடத்தில் முதலில் அராமேயரின் ஹதாத் கோயில் இருந்தது. பிறகு ரோமரின் ஜூபிடர் கோயில், அதன்பின் யோவான் பெயரில் தேவாலயம். அரபுப் படை நகரத்தைப் பிடித்த பிறகும் சுமார் எழுபது ஆண்டுகள் ஒரே மதிலுக்குள் இரு சமயத்தாரும் தொழுதார்கள். 706 வாக்கில் கலீபா அல்-வலீத் தேவாலயத்தை இடித்துப் பள்ளிவாசல் எழுப்பத் தொடங்கினார். ஈடாக வேறு தேவாலயங்கள் கிறிஸ்தவர்களிடம் விடப்பட்டன என்கின்றன அரபு வரலாறுகள். இருந்தாலும் அது இழப்புதான். நல்லிணக்கத்தின் பெயரால் இதை மறைப்பவர்களை நான் ஏற்பதில்லை. இதை மட்டும் சொல்லிப் பகை வளர்ப்பவர்களையும் ஏற்பதில்லை. ஏனென்றால் கிறிஸ்துவின் அரசு நிலைத்தது என்று அறிவிக்கும் கிரேக்கக் கல்வெட்டு அதே பள்ளிவாசலின் தெற்குச் சுவரில் அழிக்கப்படாமல் நிற்கிறது. தென்கிழக்கு மினாராவுக்கு ஈசா நபியின் பெயர்.

அன்று திருத்தந்தை ஆற்றிய உரையில், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் புண்படுத்தியதற்கெல்லாம் இறைவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒருவருக்கொருவர் மன்னிப்பும் அளிக்க வேண்டும் என்றார். இடிக்கப்பட்ட தேவாலயத்தை அறிந்தவருக்கே அந்தச் சொற்களின் கனம் புரியும்.

உங்கள் இளையோர் கூட்டத்தில் திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, இந்தக் கதையை முழுவதுமாகச் சொல். பள்ளிவாசலுக்குப் போகும் நாளில் தொழுகை நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்; தலையில் முக்காடு இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா