பசு வீழ்ந்தது ஏன்?

கன்று ஈன்று ஒரு நாள்தான் ஆயிற்று. மடி நிறையப் பால், தீவனத்திற்கும் குறைவில்லை. காலையில் நடை தள்ளாடிய பசு, நண்பகலில் படுத்துவிடுகிறது, எழுப்பினால் எழுவதில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக்கொள்கிறது. காதுகள் சில்லிட்டுப் போகின்றன. கவனியாது விட்டால், உணர்விழந்து சில மணி நேரத்தில் இறந்தும் போகலாம்.

மூன்றாம் ஈற்றிலும் அதற்குப் பின்னும் மிகுதியாகப் பால் சுரக்கும் பசுக்களையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது. இதனைப் ‘பால் காய்ச்சல்’ என்பர். பொருந்தாப் பெயர்தான், இதில் உடல் காய்வதில்லை, குளிர்ந்தே போகிறது.

முற்காலத்தில் இந்நோய் கண்ட பசுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. 1897ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மித் என்பவர், மடியில் தோன்றும் நஞ்சே காரணம் எனக் கருதி, அதனுள் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலைச் செலுத்தினார். பசுக்கள் பல பிழைத்தன. 1901இல் அந்நாட்டு ஆண்டர்சன் என்பவர் வெறுங்காற்றையே மடியில் செலுத்தினார். அப்பொழுதும் பிழைத்தன! காற்று நஞ்சை முறிக்குமோ?

1925இல் எடின்பரோ நகரில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர் உண்மையை விளக்கினர். நோயுற்ற பசுவின் குருதியில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் குறைந்துவிடுகிறது. தசைகள் இயங்க அச்சத்து இன்றியமையாதது. பசுவின் குருதிநீரில் அது ஏறத்தாழ 3 கிராமே உண்டு. பத்து லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. எலும்புகளில் அது நிரம்ப இருப்பினும், அங்கிருந்து கரைந்து வர ஓரிரு நாள் ஆகும். அதற்குள் பசு வீழ்ந்துவிடுகிறது. காற்று மடியை அழுத்திப் பால் சுரப்பைத் தடுத்தது. கால்சியம் குருதியிலேயே தங்கியது. மருந்து சரி, சொன்ன காரணந்தான் பிழை.

இன்று மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டுக் கரைசலை நாளத்தின் வழியே மெல்லச் செலுத்துவார். விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். சிறிது நேரத்தில் பசு உடல் நடுங்கி, ஏப்பமிட்டு, சாணமிட்டு, பெரும்பாலும் எழுந்தே நிற்கும்!

மருத்துவர் வரும்வரை வாயில் கஷாயம் ஊற்றலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால் அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். பசுவைப் பக்கவாட்டில் சாயவிடாமல், வைக்கோற் கட்டுகளை அணைகொடுத்து மார்பின்மேல் படுக்கவைத்தல் வேண்டும்.

வீழ்ந்த பசுக்கள் யாவும் இந்நோயால் வீழ்ந்தவை அல்ல. மக்னீசியக் குறைவால் வலிப்புக் கண்டு விழுவதுண்டு. ஈனும்பொழுது நரம்பு நசுங்கியும் எழ முடியாது போவதுண்டு. ஆதலின் நோயைத் தெளிந்த பின்னரே ஊசி போடுவர்.

சினைக்காலத்தின் இறுதியில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக ஊட்டுவோர் உளர். அது நோயைத் தடுப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது. உணவிலேயே மிகுதியாகக் கிடைக்கும்பொழுது எலும்பிலிருந்து அச்சத்தை எடுக்கும் பழக்கத்தை உடல் தளர்த்திவிடுகிறது. ஈன்ற அன்று திடீரெனத் தேவை எழும்பொழுது அதற்கு ஈடுகொடுக்க இயலாது போகிறது.