இளைத்தாயிற்று, இனி எடை தூக்குங்கள்

கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று நடந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தினமும் அதை நடந்து, சோற்றையும் அளந்து சாப்பிட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "ஆளு இளைச்சாச்சு, ஆனா கையும் வயிறும் தொளதொளன்னு தொங்குது." எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைகிறது. வெறும் பட்டினியிலும் நடையிலும் இளைத்தவர்களுக்கு, இழந்த எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். ஏரியை இன்னொரு சுற்று சுற்றினால் அது திரும்பாது. எடை தூக்க வேண்டும்.

"நாங்கதான் தினமும் மேடு ஏறி இறங்குறோமே" என்பார்கள் மலைக்காரர்கள். பாதி சரி. மேட்டில் ஏறினால் தொடையும் பிட்டமும் உழைக்கும். முதுகுக்கும் தோளுக்கும் மார்புக்கும் அங்கே வேலையே இல்லை.

ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், மூட்டுவலி உள்ளவர்களும், அண்மையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கீழேயிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு இன்னொன்று. ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வந்த ஓரிரு நாள் நடையோடு நிறுத்திக்கொண்டு, பிறகு தொடங்குங்கள்.

ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. கடைக்குக் கொண்டுபோகும் உறுதியான கட்டைப் பைகள் இரண்டு, பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை ஒன்று, கொஞ்சம் அரிசி அல்லது மணல் போதும். (சமவெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை டம்பெல் ஆக்குவார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இங்கே தடை. அதனால் 5 லிட்டர் கேனே கைக்கு வரட்டும், சரியாக 5 கிலோ.)

மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு சுமையைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி, சுமையில்லாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்து, உடம்பு சூடானபின் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சமும் அதுதான். பயிற்சிகள் ஐந்து. முதலாவது, ஸ்கூல் பையை மார்போடு அணைத்து நாற்காலி உயரம் வரை உட்கார்ந்து எழுவது. நம் பழைய பஸ்கிதான். இரண்டாவது தண்டால். தரையில் முடியாதவர்கள் சுவரிலோ அசையாத மேசையிலோ கை ஊன்றித் தொடங்கலாம். மூன்றாவது, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுப்பது.

நான்காவதில்தான் பலரும் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள்: தரையிலிருந்து தூக்குவது, ஜிம் பாஷையில் டெட்லிஃப்ட். சுமை எடுப்பதற்கு முன் துடைப்பக் கட்டையை முதுகோடு நேராகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பின் அடி ஆகிய மூன்றும் கட்டையைத் தொட வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஒரு இடம் கட்டையை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் குனியாதீர்கள். இது கைவந்த பிறகு பைகளை எடுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். ரத்த அழுத்தக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

ஐந்தாவது எனக்குப் பிடித்தது. இரு கையிலும் பைகளைத் தூக்கி, நிமிர்ந்து முப்பது நாற்பது அடி நடப்பது. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிவந்த இடும்பனின் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடலாமா? பிடியும் தோளும் வயிற்றுத் தசையும் ஒரே வேலையில் இறுகும்.

முதல் நான்கையும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. இடையே இரண்டு நிமிடம் ஓய்வு. "இன்னும் ரெண்டு முடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டுங்கள். கர்லாக்கட்டை ஆசை இருந்தால் ஆசான் பார்வையில் மட்டும் சுற்றுங்கள். யூடியூபைப் பார்த்துச் சுற்றினால் தோள்மூட்டு தாங்காது.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வரை இறங்கி ஏறியவர்கள் மறுநாள் பஸ்கியைத் தள்ளிப்போடுங்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், தொடையைப் பிழிவது இறக்கம். நீண்டபடியே சுமை தாங்கும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். பழனியில் 693 படி இறங்கிய கால்களுக்கும் இதே கதை.

தட்டில் புரதம் வேண்டும். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 26 கிராம் கிடைக்கும். சுண்டல், பருப்பு, தயிர், மீன், கோழி, மலையில் விளையும் பட்டர் பீன்ஸ் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தத்தைப் பிரசாத அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நிறைய எடை இறங்கியவர்களின் தொங்கும் தோலை எந்தப் பயிற்சியும் முழுதாக இழுத்துவிடாது. அடியில் தசை நிரம்பினால் பார்வைக்கு இறுகும், அவ்வளவே. வயிற்றை மட்டும் தனியாகக் கரைக்கவும் வழியில்லை.

எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் உடனே சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்; மாதம் ஒருமுறை இடுப்பையும் தொடையையும் டேப்பால் அளந்து பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் பையில் அதே 5 கிலோதான் இருக்கிறது என்றால் மட்டும் கவலைப்படுங்கள், இன்னொரு படி அரிசியை உள்ளே போடுங்கள்.